நீர்க்காவலியின் இடது கை

டாக்குரியா, கொல்கத்தா
8 நவம்பர் 2025

தாராவுக்கு,

ஜூன் மாதத்திலிருந்து உன் ஃபோன் என் எண்ணை ஏற்பதில்லை. அதனால் இந்தக் கடிதம். அனன்யாவின் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய பார்சலின் மேல் ஹைதராபாத் விடுதியின் முகவரி ஒட்டியிருந்தது. அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

'நீர்க்காவலி'யின் முதல் இரண்டு பகுதிகளை இன்று மத்தியானம் பார்த்தோம். அனன்யா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். உன் அத்திம்பேர் கிடர்பூரிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். என் மச்சினி கதாநாயகி என்று துறைமுக அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறார்.

பேய், சாபம், தெய்வம் என்று வரும் தொடர்கள் எனக்கு ஒத்துவராது. அப்படியும் முதல் பகுதி பிடித்தது. ஆண்டுக்கு ஓர் உயிரைக் கேட்கும் ஆறு. அடுத்தது யார் என்பதை அது ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் காட்டும். அவள் ஊருக்குப் புதிதாக வந்த கணக்கு டீச்சர். இந்த மாதிரிக் கதைகளில் நாயகி வெள்ளைப் புடவையோடு மாடிப்படி இறங்குவாள். உன் வேணி டீச்சர் குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, சாக்பீஸ் டப்பா எங்கே என்று தலைமையாசிரியரோடு சண்டை போடுகிறாள். அது நன்றாக இருந்தது. குறைகளும் உண்டு. பட்டப்பகலில் எதற்கு அவ்வளவு புகை? ஆற்றிலிருந்து எழும் உருவம் பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கிறது. அது வந்தபோது அனன்யா சிரித்துவிட்டாள். எனக்கும் பயம் வரவில்லை.

இரண்டாம் பகுதியில் வந்தது. நீ படித்துறையில் நின்று ஒரு சிறுமியின் பெயரைச் சொல்ல வாய் திறக்கிறாய். சொல்லவில்லை. கண் அப்படியே நின்றுவிடுகிறது. புகை இல்லை, உருவம் இல்லை, காமிரா உன்னை விட்டு நகரவில்லை. சித்தி எப்படி இமைக்காமல் நிற்கிறாள் என்று அனன்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் இடது கையைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் புடவை ஓரத்தை உருட்டிக்கொண்டே இருந்தன. தொண்டை இரண்டு முறை விழுங்கியது. உதடு, வாயில் இல்லாத எதையோ சுவைத்தது.

உனக்கு ஏழு வயதிலிருந்து அந்தக் கையை எனக்குத் தெரியும். விரல்கள் அப்படி உருளத் தொடங்கியதும் அம்மா ஜாடை காட்டுவாள். நான் உன்னை விருந்தாளிகள் நடுவிலிருந்து உள்ளே அழைத்துப் போவேன். யாராவது கேட்டால், ஏதோ யோசிக்கிறாள் என்போம். வலிப்பு என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் பேனா நிற்கிறது.

உன் அத்திம்பேர் ரொம்பச் சந்தோஷமாக, "பாத்தியா, அன்னிக்கு பூஜா பந்தல்ல அம்மன் வந்தப்போ எப்படி நின்னாளோ அப்படியே நிக்கறா. ஞாபகம் வச்சிண்டு பண்றா பாரு" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் நிரம்பி வழிவதுகூடக் காதில் விழவில்லை.

அது நடிப்பா? மாத்திரை சாப்பிடுகிறாயா? ஒரு வரி போதும்.

விஜி


ஹைதராபாத்
14 நவம்பர்

விஜயலக்ஷ்மி அம்மையாருக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மீரா சொல்லிக்கொடுத்தது. மீரா இங்கே உதவி இயக்குநர். ஒவ்வொரு ஷாட்டிலும் யார் கையில் என்ன இருந்தது, எத்தனை விநாடி ஓடியது என்று நோட்டில் எழுதுவது அவள் வேலை. வசனத்தை நான் வங்காள எழுத்தில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "கணக்கு டீச்சரா நடிக்கறீங்க, அனா ஆவன்னா தெரியாதா?" என்று மானத்தை வாங்கினாள். இப்போது சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதிப் பழகுகிறேன். நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் உனக்கு. என் விதி.

அது நடிப்புதான்.

பன்னிரண்டு வருஷம் என்னென்ன வேஷம் போட்டேன் என்று உனக்குத் தெரியும். நர்ஸ். மாப்பிள்ளையின் தங்கை. முதல் பத்து நிமிஷத்தில் செத்துப்போய்ச் சுவரில் மாலையோடு தொங்கும் முதல் மனைவி. ஒருத்தராவது என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினார்களா? இப்போது எழுதுகிறார்கள். தொடரே சுமார்தான், ஆனால் அந்தப் படித்துறைக் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் டைரக்டர் விவேக் அதைப் பிரிண்ட் எடுத்து மேக்கப் அறையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நீ மட்டும் என் கையைப் பார்க்கிறாய். எனக்கு நடந்ததை நான் நடித்துக் காட்டினேன். அதில் என்ன தப்பு? தனக்குத் தெரிந்ததைத்தானே யாரும் நடிக்க முடியும்?

மாத்திரை சாப்பிடுகிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

கம்பெனிக்காரர்கள் யாருக்கும் எழுதி வைக்காதே. இந்த வேஷம் கிடைத்ததும் முதலில் உன்னிடம்தான் ஓடி வந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாய். அத்திம்பேர் எதிரிலேயே ஏன் என்று கேட்டேன். கறிகாய் நறுக்கிக்கொண்டே இருந்தாய். அந்தக் காரணத்தை இப்போது மட்டும் யாருக்காவது சொல்வாயா?

பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். பூஜா பந்தலில், அந்த அஷ்டமி காலையில் நீ பயந்த மாதிரித் தெரியவில்லையே.

தாரா


டாக்குரியா
19 நவம்பர்

தாரா,

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. பொய் நன்றாக இல்லை.

தனக்குத் தெரிந்ததைத்தான் நடிக்க முடியும் என்கிறாய். அது உனக்குத் தெரியாதே. அது நடக்கும்போது நீ அங்கே இருப்பதில்லை. விரல் உருள்வதையும் உதடு அசைவதையும் நீ ஒரு நாளும் பார்த்ததில்லை, நாங்கள் சொன்னதுமில்லை. இன்னதென்று தெரிந்து பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. பிறகு யாரைப் பார்த்து நடித்தாய்?

நேற்று அலிப்பூரில் அலுவலக இடைவேளையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தக் காட்சியை மட்டும் பதினோரு முறை பார்த்தேன். பக்கத்து மேஜை திருவேங்கடம் சார், தங்கை மேல் இவ்வளவு பாசமா என்று கேட்டார். கடைசியில் நீ தலையைத் திருப்பி, அது எந்த இடம் என்று தெரியாதவள் போல் சுற்றிலும் பார்க்கிறாய். அப்போது உன் வாய் அசைகிறது. அதற்கு மேல் வயலின் இசையைப் போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது டீச்சர் ஏதோ மந்திரம் முணுமுணுப்பதாகத் தோன்றும். எனக்கு ஒலியே வேண்டியிருக்கவில்லை. "கீ ஹோலோ?" என்கிறாய். என்ன ஆச்சு என்று. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து அதைத்தான் கேட்பாய்; வீட்டில் தமிழ் பேசுகிறவள் அந்த ஒரு நிமிஷம் மட்டும் வங்காளியில் கேட்பாய். காவிரிக்கரை டீச்சர் எதற்கு வங்காளியில் கேட்கிறாள் தாரா?

மாத்திரையை நிறுத்திவிட்டாய். எத்தனை நாளாக?

மூன்றாம் பகுதி முடிந்ததும் வரப்போகிற காட்சிகளைக் காட்டினார்கள். காலில் சங்கிலியோடு கிணறு மாதிரி எதிலோ உன்னை இறக்குகிறார்கள். 'நீருக்குள் நீர்க்காவலி' என்று எழுத்து வந்தது. அந்தப் படத்தில் தண்ணீர் இல்லை, இறங்குகிற வரைதான் இருந்தது. அப்படியென்றால் மீதியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டீர்களா? எப்போது எடுக்கப் போகிறார்கள்?  அதிலிருந்து ஏரிப் பக்கம் நடக்கப் போவதைக்கூட விட்டுவிட்டேன்.

அஷ்டமி காலையைப் பற்றிக் கேட்டாய். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

விஜி


ஹைதராபாத்
25 நவம்பர்

அக்கா,

ஜூலையிலிருந்து.

மாத்திரை போட்டால் வார்த்தை நழுவுகிறது. முந்தைய தொடரில் ஒரே வசனத்தை மூன்று தடவை மறந்தேன், நாலாம் நாள் வேறு ஒருத்தி என் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இது எனக்குக் கிடைத்த முதல் கதாநாயகி வேஷம். முப்பத்து மூன்று வயதில் இரண்டாவது வராது.

படித்துறையில் அது தானாக வந்தது. நினைவு திரும்பிப் பார்த்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். விவேக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். நீ சொன்னது சரி, அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. அசிங்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவ்வளவு அவசரமாக என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவீர்களே. அசிங்கமாக இல்லை அக்கா. அழகாக இருந்தது.

அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வந்தபோது, மானிட்டரில் பார்த்ததைப் போலவே நடித்தேன். விவேக் 'கட்' சொல்லிவிட்டு வந்து, "நடிக்கறீங்க மேடம். அன்னிக்கு நீங்க நடிக்கல" என்றார். மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். அன்று நான் தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் வரும் என்று சின்ன வயதில் டாக்டர் அம்மாவிடம் சொன்னது ஞாபகம் இருந்தது. வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை அப்படித்தான் வரவழைத்தேன். மொத்தம் நாலு.

மீராவின் நோட்டில் விநாடிக் கணக்கு இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு. அறுபத்தைந்து. எண்பது. போன வாரம் காமிரா இல்லாமலே ஒன்று வந்தது. குளியலறைத் தரையில் கிடந்தேன், நாக்கில் ரத்தம். எவ்வளவு நேரம் என்று எழுத அங்கே யாரும் இல்லை.

அந்தக் கிணற்றுக் காட்சியை இன்னும் எடுக்கவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி. கறுப்புச் சாயம் அடித்த தொட்டி, இரண்டு ஆள் ஆழம். காலில் சங்கிலி. நாற்பது எண்ணும்வரை கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே இருக்க வேண்டும். டூப் வேண்டாம், மேடம் முகம்தான் வேண்டும் என்கிறார் விவேக். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அஷ்டமி. நீ எழுத மாட்டாய், நான் எழுதுகிறேன். எனக்குப் பதினொரு வயது. நம் தெருப் பந்தலில் புஷ்பாஞ்சலி. கையில் பூவோடு நின்றேன், அவ்வளவுதான் தெரியும். திரும்பி வந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டு வங்காளி மாமி, நம் மாஷிமா, துர்க்கையே வந்துவிட்டாள் என்று கதறுகிறாள். என் காலடியில் நீ. புதுப் பட்டுப் புடவை தரையில் புரள, நெற்றியை என் காலில் வைத்திருந்தாய். நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்தேன். செத்தவர்கள் காலைத்தானே அப்படித் தொடுவார்கள். பின்னால் பார்த்தால் உன்னைப் பெண் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவர்கள், அத்திம்பேரும் அவருடைய அம்மாவும், கை கூப்பி நிற்கிறார்கள்.

அன்று எனக்கு எல்லோரும் பாயசம் ஊட்டினார்கள். நோய் என்றால் இருட்டு அறை, அம்மன் என்றால் பாயசம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது விவேக் இல்லை.

நான் சொன்னால் வேஷம் போய்விடும். என்னால் முடியாது. உன்னால் முடிந்தால் சொல்லு. ஆனால் முதலில் உன் வீட்டில் சொல்லு. அது உன்னால் முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தாரா


டாக்குரியா
30 நவம்பர்

தாரா,

நேற்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவர் சாப்பிட்டு எழுந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. என் வாயால் சொன்னேன். உனக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு உண்டு. அன்று பந்தலில் வந்ததும் அதுதான். அவருடைய அம்மா கூட்டத்தில் நிற்பதைப் பார்த்தேன். தங்கைக்கு வலிப்பு என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன். மாஷிமா துர்க்கை என்றதும் அதைப் பிடித்துக்கொண்டு உன் காலில் விழுந்தேன். நான் விழுந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். 

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எத்தனையோ விருந்தாளிகளுக்கு அவர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார், உனக்குத் தெரியும். தெய்வ கடாட்சம் உள்ள குடும்பம் என்று அவருடைய அம்மா அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னதிலிருந்து தொடங்குவார். இப்போது, "இருபத்திரண்டு வருஷமா நான் அதைச் சொல்லிண்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுண்டிருந்தே" என்றார்.  பிறகு, "அனன்யாவுக்கு உண்டா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் பதினேழு வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தால்கூட அவள் கையைத்தான் பார்ப்பேன். இதுவரை இல்லை என்றேன். இதுவரை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரவுச் சாப்பாடு வெளியிலேயே. இன்று காலையும் என்னிடம் பேசவில்லை.

உன்னால் முடியாது என்று எழுதியிருந்தாய். நீ என்னைச் சரியாகத்தான் அறிந்திருக்கிறாய். போன மாதம் கேட்டிருந்தால் முடிந்திருக்காது. அந்தத் தொட்டியை நினைத்தபோது முடிந்தது. நாற்பது எண்ணிப் பார்த்தேன், அலுவலகம் போகும் பஸ்ஸில். எண்பதும் எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது தெரியுமா? ரயில் கேட்டிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கிவிட்டது பஸ்.

இத்துடன் விவேக்குக்கு ஒரு கடிதம் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை; நீ படித்துக்கொள்ளலாம். உன் பழைய டாக்டர் சீட்டின் நகலும் இருக்கிறது. அன்று நான் செய்ததையும் எழுதியிருக்கிறேன், உன்னை மட்டும் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம் என்று. நேராக அவர்களுக்கே அனுப்பியிருக்கலாம். உனக்குத் தெரியாமல் உன்னைப் பற்றி முடிவெடுத்தது ஒரு தடவை போதும் என்று தோன்றியது.

ஆனால் பத்தாம் தேதிக்குள் அதை நீ கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டேன் என்று அனன்யாவின் ஃபோனுக்கு ஒரு வார்த்தை அனுப்பு. வராவிட்டால் பதினொன்றாம் தேதி காலை அந்தக் கம்பெனியைக் கூப்பிடுவேன். நீ ஜென்மத்துக்கும் என்னோடு பேசாமல் போனாலும் கூப்பிடுவேன். டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கு. தூங்கு.

விஜி


ஹைதராபாத்
13 டிசம்பர்

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். முதல் வரியிலேயே அதை எழுது என்று மீரா சொன்னாள். என் நிலைமையை அவள் அனன்யாவுக்குச் சொல்லிவிட்டாள், ஆனால் இது உனக்கு என் கையால் வர வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரிடம் போனேன். மாத்திரை தொடங்கியாயிற்று, பழையபடி பிடிக்க நாளாகும் என்றார். விவேக்குக்கு எழுதியதை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போடத்தான். எட்டாம் தேதி தொட்டியைப் பார்க்கப் போனேன். ஸ்டண்ட் செய்யும் மது சங்கிலியின் வளையத்தை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வாய்வரை வந்தது. அப்போது தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. மறுநாள் காலை கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அனன்யாவுக்கு நீ கேட்ட ஒரு வார்த்தையை அனுப்பினேன்.

விவேக் இரண்டு முறை படித்தார். மீராவின் நோட்டை வாங்கி அந்த எண்கள் மேல் விரலை வைத்து, "நாலுமா?" என்றார். நாலும் என்றேன்.  பிறகு, "ஒவ்வொரு தடவையும் ஒன் மோர் கேட்டது நான்தானே" என்றார். கெட்டவர் இல்லை அக்கா. ஆனால் ஒரு மணி நேரத்தில் கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் மது, வெளியே என் முகம் மட்டும் என்று முடிவாயிற்று. அடுத்த பாகத்துக்கு என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அந்த நாலு காட்சியையும் தொடரிலிருந்து நீக்கிவிட வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என் உடம்பு செய்த வேலை, என் பெயரிலேயே இருக்கட்டும்.

நேற்று தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முந்தைய நாள் தூங்கத்தான் படுத்தேன், பயத்தில் தூக்கம் வரவில்லை. மது என் புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். தலை உள்ளே போனது. மீரா எண்ணத் தொடங்கினாள். ஒன்பது, பத்து வரை கேட்டது.

பிறகு தரையில் இருந்தேன். யாரோ தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். மது சொட்டச் சொட்ட என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். மது நாற்பதில் மேலே வந்துவிட்டாளாம். நான் நினைவு திரும்பி வர அதற்கு மேல் இன்னும் ஐம்பது விநாடி ஆயிற்றாம். மீரா அதைச் சொல்லும்போது நோட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதியில்தான் எனக்குப் புரிந்தது, நான் எங்கே இருந்திருப்பேன் என்று.

இப்போது கண்ணை மூடவே பயமாக இருக்கிறது. மூடினால் கறுப்புத் தண்ணீர். கை தானாக அசைகிறதா என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளில் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். தனியாக வெளியே போகக் கூடாது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை மன்னிக்க எவ்வளவு நாளாகும் என்றும் தெரியாது. ஆனாலும் வா அக்கா.

தாரா


டாக்குரியா
17 டிசம்பர்

தாரா,

மீரா சொன்ன அன்றே கிளம்ப நினைத்தேன்; நீ கூப்பிடாமல் வரத் துணியவில்லை. உன் கடிதம் இன்று காலை வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். இருபதாம் தேதி காலை ஹௌராவில் ரயில் ஏறுகிறேன். மறுநாள் மத்தியானத்துக்குள் உன்னிடம் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வராதே, யாரையும் அனுப்பாதே. வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. தங்கைக்கு வலிப்பு என்று காரணம் எழுதினேன். எழுதி முடித்து இரண்டு நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அத்திம்பேர் இன்னும் தேவையான வார்த்தைதான் பேசுகிறார். அனன்யாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். தன்னிடம் ஏன் மறைத்தாய் என்று அழுதாள். அடுத்த வாரம் அவள் அப்பா அவளை டாக்டரிடம் அழைத்துப் போகிறார். என்ன வருமோ என்று எனக்குப் பயம்தான். நீ பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். பயப்படாதே என்று உனக்கு எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மன்னிக்கச் சொல்லியும் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் செய். நான் வரும்வரை நீ குளிக்கும்போது கதவைச் சாத்தி மட்டும் வை. மீராவை வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல். உள்ளே நீ ஏதாவது பேசிக்கொண்டே இரு. வசனம் சொல்லிப் பார், இல்லையென்றால் யாரைப் பற்றியாவது வம்பு பேசு. பேச்சு நின்றால் அவள் உள்ளே வரட்டும்.

நான் வந்த பிறகு அந்த ஸ்டூலில் நான் உட்காருகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. பேச ஒன்றும் இல்லையென்றால் என்னைத் திட்டிக்கொண்டே குளி. குரல் கேட்டால் போதும்.

விஜி